திரு இருதய பக்தியும் அன்றாட வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதும் தியான நாட்களின் இடைவேளைகளிலும் கத்தோலிக்கர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. செபமாலை, நவநாள் என்னும் ஒன்பது நாள் செபம், நற்கருணை சந்திப்பு என்று எல்லாப் பக்தி முயற்சிகளுக்கும் இந்தப் பதில்கள் ஓரளவு பொருந்தும். ஆனாலும் இயேசுவின் இருதயத்தை அவருடைய அன்பின் அடையாளமாகப் போற்றும் திரு இருதய பக்தியைத்தான் நடுவில் வைத்திருக்கிறேன். கடவுள் நம்மை அன்பு செய்கிறார், அதற்கு நீ என்ன செய்யப்போகிறாய் என்று இவ்வளவு நேராக முகத்தைப் பார்த்துக் கேட்கும் பக்தி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கடவுளுக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு நம் அன்பு எதற்கு?

அவருக்குத் தேவை என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் அவர் கேட்கிறார். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உயிர்த்த இயேசு விடியற்காலையில் கடற்கரையில் நிற்கிறார். கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்திருக்கிறார். இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களை முதலில் சாப்பிட அழைக்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேதுருவிடம் பேசுகிறார். மூன்று முறை மறுதலித்தவரிடம் "ஏன் அப்படிச் செய்தாய்" என்ற கேள்வி ஒரு முறைகூட வரவில்லை. தம்மீது அன்பு இருக்கிறதா என்றுதான் மூன்று முறையும் கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை தருகிறார்: என் ஆடுகளைப் பார்த்துக்கொள்.

உணவு, கேள்வி, வேலை என்ற இந்த வரிசையைக் குலைத்துவிடக் கூடாது. கடவுளே முதலில் நம்மை அன்பு செய்தார் என்று யோவானின் முதல் திருமுகம் 4ஆம் அதிகாரம் சொல்கிறது. நாம் செபித்து, நோன்பிருந்து, மெழுகுவர்த்தி ஏற்றி அந்த அன்பைச் சம்பாதிக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது. நம் பக்தி முயற்சி எதுவானாலும் அதற்கு நாம் சொல்லும் பதில்.

திரு இருதய பக்தி எப்போது தொடங்கியது?

வேர் விவிலியத்திலேயே இருக்கிறது. சிலுவையில் இறந்த இயேசுவின் விலாவைப் படைவீரர் ஒருவர் ஈட்டியால் குத்தியபோது இரத்தமும் தண்ணீரும் வடிந்ததாக யோவான் 19ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திறக்கப்பட்ட அந்த விலாவைத் திருச்சபைத் தந்தையர் என்று அழைக்கப்படும் தொடக்க நூற்றாண்டு ஆசிரியர்கள் திரும்பத் திரும்பத் தியானித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ஃப்டா மடத்தில் வாழ்ந்த புனித ஜெர்த்ரூத் இயேசுவின் இருதயத்தைப் பற்றி எழுதினார். பிரான்சில் புனித ஜான் யூட்ஸ் 1672ஆம் ஆண்டிலேயே திரு இருதயத்துக்கென்று வழிபாட்டு விழா கொண்டாடினார்.

இன்று நாம் அறிந்திருக்கும் வடிவம் பரே-லெ-மோனியால் என்ற பிரெஞ்சு ஊரிலிருந்து வந்தது. அங்கே விசிட்டேஷன் சபையில் துறவியாக இருந்த புனித மார்கரீத் மரியா அலக்கோக்குக்கு 1673 டிசம்பர் 27 முதல் 1675 வரை காட்சிகள் கிடைத்தன. மனிதரை இவ்வளவு அன்பு செய்த இருதயத்துக்குக் கைம்மாறாக நன்றியின்மையே கிடைக்கிறது என்பதுதான் அக்காட்சிகளில் இயேசு அவரிடம் சொன்ன முறையீட்டின் சாரம். அவருடைய சொந்த மடத்திலேயே பலர் அவரை நம்பவில்லை. இயேசு சபைக் குருவான புனித கிளாட் தெ லா கொலொம்பியேர் அவருக்கு ஆன்மீக வழிகாட்டியாக நின்றார். 1856இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இவ்விழாவை உலகத் திருச்சபை முழுவதற்கும் விரிவாக்கினார். 1899இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் மனித குலம் முழுவதையும் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 அக்டோபர் 24 அன்று வெளியிட்ட சுற்றுமடலும் இந்த இருதயத்தின் அன்பைப் பற்றியதுதான்.

ஓர் உடலுறுப்பை வணங்குகிறோமா? சுரூபத்தின் முன் மண்டியிடுவது சரியா?

நாம் ஆராதிப்பது இயேசு என்னும் ஆளை. இருதயம் அவரிடமிருந்து கழற்றி வைத்த பொருள் அல்ல. 1956இல் பன்னிரண்டாம் பத்திநாதர் இதை மிகத் தெளிவாக விளக்கினார். அந்த இருதயம் மூன்று அன்புகளின் அடையாளம் என்றார்: தந்தையோடும் தூய ஆவியோடும் அவருக்குப் பொதுவான இறை அன்பு, அவருடைய மனித ஆன்மாவில் எரிந்த அன்பு, நம்மைப் போலவே அழுது, பரிவுகொண்டு, களைத்துப்போன அவருடைய மனித உணர்வின் அன்பு. இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. இலாசரின் கல்லறை முன்னால் அழுத இருதயம் இது.

சுரூபம், படம் பற்றிய கேள்விக்கு 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் விடை சொல்லிவிட்டது. உருவத்துக்குச் செலுத்தும் மரியாதை அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரைச் சேர்கிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது.

மார்கரீத் மரியாவின் காட்சிகளை நம்பியே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அவை தனி வெளிப்பாடுகள், அதாவது தனி ஒருவருக்குக் கிடைத்த காட்சிகள். கிறிஸ்துவில் நிறைவடைந்த வெளிப்பாட்டோடு அவை எதையும் சேர்ப்பதில்லை. அதை ஒரு குறிப்பிட்ட காலத்தில் இன்னும் முழுமையாக வாழத் துணைசெய்கின்றன என்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி சொல்வது. காட்சிகளைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவர்கூட குத்தித் திறக்கப்பட்ட விலாவைப் பார்த்து இந்தப் பக்திக்குள் வந்துவிடலாம்.

முதல் வெள்ளிக்கிழமை பக்தியை எப்படிச் செய்வது? ஒன்பது வெள்ளி முடித்தால் மோட்சம் உறுதியா?

தொடர்ந்து ஒன்பது மாதங்கள், ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று, தகுந்த தயாரிப்போடு நற்கருணை, அதாவது திருப்பலியில் இயேசுவின் உடலாகத் தரப்படும் அப்பம், உட்கொள்வது. அவ்வளவுதான் இதன் உடல். சாவான பாவம், அதாவது கனமான பாவம், மனத்தை அழுத்தினால் அதற்கு முன் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெற்றிருக்க வேண்டும். அதே வெள்ளியன்றுதான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பதில்லை. முந்தைய நாள் வியாழன் இரவு திருமணி ஆராதனை செய்யும் வழக்கமும் பரே-லெ-மோனியாலிலிருந்தே வருகிறது. கெத்சமனித் தோட்டத்தில் சீடர்கள் தூங்கிவிட, தனியே வியர்த்துக் கிடந்த இயேசுவோடு ஒரு மணி நேரம் விழித்திருப்பது அதன் பொருள்.

இப்படிச் செய்பவர்கள் மனந்திரும்பாமல் இறக்க மாட்டார்கள் என்ற வாக்குறுதி மார்கரீத் மரியாவின் எழுத்தில் இருக்கிறது. அது இறுதி மனமாற்றத்தின் அருளைப் பற்றிய வாக்குறுதி. "ஒன்பது முடிந்தது, இனி எப்படி வேண்டுமானாலும் வாழலாம்" என்று எண்ணுபவர் அதைப் பெற்றுக்கொள்ளவே இல்லை. ஒன்பது மாதம் இயேசுவை உட்கொண்டவரின் உள்ளம் பத்தாவது மாதம் அவரைத் தேட வேண்டும். தேடவில்லையென்றால், எண்ணிக்கையை மட்டும்தான் முடித்திருக்கிறோம்.

வேலை, நோய், தூரம் காரணமாக வெள்ளிக்கிழமை திருப்பலிக்குப் போக முடியாதவர்கள் ஆன்மீக முறையில் நற்கருணை உட்கொள்ளலாம். "ஆண்டவரே, இப்போது உம்மை நற்கருணையில் பெற இயலவில்லை, என் உள்ளத்தில் வாரும்" என்று இருந்த இடத்திலிருந்தே அழைப்பது. இது ஒன்பது வெள்ளிக் கணக்கில் சேராது, உண்மைதான். ஆனால் அவர் வருவதற்கு நம் கணக்குத் தடையாக இருப்பதில்லை.

காலையில் எழுந்ததும் என்ன செய்யலாம்?

நாளை ஒப்புக்கொடுங்கள். 1844இல் பிரான்சின் வால்ஸ் நகரில் இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சேவியர் கோத்ரெலே என்ற குரு, மறைப்பணிக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் ஒரு யோசனை சொன்னார். இப்போது படிப்பையும் அதன் அலுப்பையும் மறைப்பணிக்காக ஒப்புக்கொடுங்கள் என்றார். செபத்தின் திருத்தூதுப் பணி என்ற இயக்கம் அதிலிருந்து பிறந்தது. இன்று அது திருத்தந்தையின் உலகளாவிய செப வலையமைப்பு என்ற பெயரில் இயங்குகிறது. காலை ஒப்புக்கொடுத்தல் செபத்தை உலகெங்கும் பரப்பியது அந்த இயக்கம்தான்.

அச்சிட்ட செபம் தெரிந்தால் அதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இரண்டு வாக்கியம் போதும்: "இயேசுவின் திரு இருதயமே, இன்று நான் செய்யப்போகும் வேலைகள், படப்போகும் சிரமங்கள், அடையப்போகும் மகிழ்ச்சிகள் எல்லாவற்றையும் உமக்குத் தருகிறேன். இன்று உலகெங்கும் நடக்கும் திருப்பலிகளோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளும்." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நம் சில்லறை வேலைகளுக்கு மதிப்பு வருவது கிறிஸ்துவின் பலியோடு சேரும்போதுதான்.

கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதைத் தொட்ட பிறகு நாள் நம் கையில் இருப்பதில்லை.

வேலைக்கு நடுவே கடவுளை நினைப்பது சாத்தியமா?

சாத்தியம். அதற்குச் சான்றாக ஒரு சமையல்காரரைக் காட்டுகிறேன். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். முன்னாள் போர்வீரர், காலில் காயம்பட்டவர், அதிகம் படிக்காதவர். மடத்துச் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். சமையலறை வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது என்பதைக் கவனியுங்கள். வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் கடவுள்மேல் உள்ள அன்புக்காகச் செய்தார். தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதையும் அப்படியே செய்தார். செபிக்கும் நேரமும் வேலை நேரமும் தமக்கு ஒன்றுதான் என்று சொல்லும் நிலைக்கு வந்தார். அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மனம் ஓடிப்போகும்போதெல்லாம் தம்மை நொந்துகொள்ளாமல் மெதுவாகத் திரும்பிவந்தார்.

நம்மைப் போன்றவர்களுக்குத் திருச்சபை தந்திருக்கும் கருவி மனவல்லயச் செபம். ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய சிறு செபம் அது. "இயேசுவின் திரு இருதயமே, உம்மை நம்புகிறேன்." கணினி திறக்கக் காத்திருக்கும்போது சொல்லலாம். பதில் சொல்லத் தெரியாத மின்னஞ்சலைத் திறக்கும் முன் சொல்லலாம். வாய்க்கு வந்த கடுஞ்சொல்லை விழுங்கும் அந்த நொடியில் கட்டாயம் சொல்லலாம். பகலில் மூன்று வேளை மணியடிக்கும் மூவேளைச் செபமும் இதே நோக்கத்தோடு எழுந்ததுதான்.

செபிக்க உட்கார்ந்தால் பராக்குகளே வருகின்றன. ஒரு உணர்வும் இல்லை. நான் வெளிவேடக்காரனா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் உண்மையாகச் செபிப்பவர்கள். வெளிவேடக்காரருக்கு இது ஒரு கவலையே அல்ல.

அவிலா நகர் புனித தெரேசாவைச் செபத்தின் ஆசிரியை என்று திருச்சபை கொண்டாடுகிறது. 1970இல் மறைவல்லுநர் (திருச்சபைக்கே ஆசிரியர்) பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அவரே எழுதியிருக்கிறார்: பல ஆண்டுகள், செபத்துக்கென்று ஒதுக்கிய மணி எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காத்திருந்தாராம். செப அறைக்குள் நுழைவதைவிடக் கடுமையான தவம் எதையும் ஏற்கத் தயாராக இருந்த நாட்களும் உண்டாம். ஆனாலும் போனார், உட்கார்ந்தார், மணி அடிக்கும்வரை எழவில்லை.

இன்னொரு தெரேசா, லிசியே நகரின் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. 15 வயதில் கார்மேல் மடம் புகுந்து 24 வயதில் காசநோயால் இறந்தவர். மாலைத் தியான நேரத்தில் அவருக்கு அருகில் இடம்பெற்றிருந்த சகோதரி ஒருவர் ஓயாமல் ஒரு விசித்திரமான சத்தம் எழுப்புவார். இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று உரசுவது போன்ற சத்தம். தெரேசாவுக்கு மட்டும்தான் அது கேட்டது போலும். திரும்பிப் பார்த்து முறைத்தால் நின்றுவிடும். அவர் திரும்பவில்லை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் உடலெல்லாம் வியர்த்தது. சத்தத்தைக் கேட்காமல் இருக்க முயன்று தோற்றபின், அதை ஓர் இன்னிசை போலக் காதுகொடுத்துக் கேட்டு, அந்த இசையை இயேசுவுக்கு ஒப்புக்கொடுப்பதிலேயே செப நேரம் முழுவதையும் கழித்தார். அந்த ஒரு மணி நேரத்தில் ஆழ்ந்த சிந்தனை எதுவும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஆனால் அன்பு இருந்தது. பராக்கையே செபமாக்கும் இந்த வழியை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மகனின் தேர்வு நினைவுக்கு வந்தால் மகனுக்காகச் செபியுங்கள். கடன் நினைவுக்கு வந்தால் அதை அப்படியே அவர்முன் வையுங்கள்.

வறட்சி மாதக்கணக்கில் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, எதிலுமே பிடிப்பில்லாமல் போனால் அது உடலும் மனமும் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம். ஆன்மீக வழிகாட்டியிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறேன். செபமாலையைக்கூட முடிக்க முடிவதில்லை. குற்ற உணர்வாக இருக்கிறது.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு செபமாலையில் இரண்டாம் தேவ இரகசியத்தில், அதாவது இரண்டாவது பத்து மணிகளில், இருக்கிறார். அடுத்த அறையிலிருந்து முனகல். எழுந்து போகிறார். விரிப்பு நனைந்திருக்கிறது. தாயை ஒரு பக்கமாக ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு பாதி விரிப்பை உருவுகிறார்; மறுபக்கம் புரட்டி மீதியை உருவுகிறார். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைக்கிறார். தாய் இப்போது மகளை அடையாளம் கண்டுகொள்வதில்லை; யாரோ தொல்லை செய்கிறார்கள் என்று கையைத் தட்டிவிடுகிறார். புது விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு வரும்போது செபமாலையை எந்த மணியில் விட்டோம் என்று நினைவில்லை.

அவர் எங்கும் விடவில்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், நோயுற்றிருந்தபோது என்னைக் கவனித்துக்கொண்டாய் என்று அரசர் சொல்வது யாரிடம்? விசிட்டேஷன் சபையை 1610இல் நிறுவிய புனித பிரான்சிஸ் சலேசியார் இதைப் பற்றிக் கண்டிப்பாகவே பேசினார். ஆயர் ஒருவர் தனிமைத் துறவி போல வாழ ஆசைப்பட்டால், குடும்பஸ்தர் கப்புச்சின் துறவி போலக் காசே சேர்க்க மாட்டேன் என்றால், கைத்தொழிலாளி நாள் முழுதும் கோவிலிலேயே இருந்தால், அந்தப் பக்தி நகைப்புக்குரியதாகிவிடும் என்றார். அவரவர் கடமைக்கு இடைஞ்சலாக இருக்கும் பக்தி போலிப் பக்தி என்பது அவர் தீர்ப்பு.

செபமாலையை நாளைக்கு முடியுங்கள். அல்லது முடிக்காமலே விடுங்கள். ஆனால் அந்த விரிப்பை மாற்றப் போகும்போது "ஆண்டவரே, உமக்காக" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உறங்கவும் செய்யுங்கள். உறவினர்களிடம் உதவி கேட்பது சிலுவையைக் கீழே போடுவது ஆகாது. சீரேனே ஊர் சீமோன் சிலுவையைத் தாங்க வந்தபோது இயேசு மறுக்கவில்லை.

எத்தனை பக்தி முயற்சிகள் செய்யலாம்?

குறைவாக. ஞாயிறு திருப்பலி, ஒப்புரவு அருட்சாதனம், நாள்தோறும் சிறிது விவிலியம்: இவை அடித்தளம். அதற்குமேல் மனம் நாடும் ஒன்றோ இரண்டோ போதும். பக்தி முயற்சிகள் திருவழிபாட்டிலிருந்து பிறந்து, மக்களைத் திருவழிபாட்டுக்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. பதினொரு நவநாள்களை ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டு, ஞாயிறு வாசகம் என்னவென்று சொல்லத் தெரியாமல் இருப்பது சரியல்ல.

"இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும், அனுப்பாவிட்டால் துன்பம் வரும்" என்று கைப்பேசியில் வருகிறது. என்ன செய்ய?

அழித்துவிடுங்கள். அனுப்பியவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் அந்தச் செய்தி கடவுளை மிரட்டிப் பிழைப்பவராகக் காட்டுகிறது. இது மூடநம்பிக்கை, கத்தோலிக்க விசுவாசத்துக்கு எதிரானது. உங்களுக்காகச் செபிக்கிறேன் என்று அனுப்பியவருக்கே எழுதி, உண்மையிலேயே செபியுங்கள்.

நேர்ச்சை செய்தேன், நவநாள் முடித்தேன். கேட்டது கிடைக்கவில்லை.

இதற்கு எளிய பதில் இல்லை. கெத்சமனியில் இயேசு கேட்டதும் கேட்டபடி கிடைக்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று அவர் கெஞ்சினார். அது அகலவில்லை. தந்தையின் அன்பு அவரைவிட்டு விலகவும் இல்லை.

நேர்ச்சை தவறல்ல, விவிலியத்தில் அன்னா சாமுவேலுக்காக நேர்ந்துகொண்டார். "நீர் இதைத் தந்தால் நான் அதைத் தருகிறேன்" என்ற பேரமாக அது மாறும்போதுதான் சிக்கல். பேரம் படியாவிட்டால் கோபம் வருகிறது, பிறகு என் பக்தியில் ஏதோ குறை என்ற குற்ற உணர்வு வருகிறது. உங்கள் செபத்தில் சொல் தவறியதால் கடவுள் உங்கள் பிள்ளையின் நோயைக் குணமாக்காமல் விட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபம் இருந்தால் அதை அவரிடமே சொல்லுங்கள். திருப்பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அப்படிப்பட்ட புலம்பல்கள்தான்; அவற்றைத் திருச்சபை இன்றும் செபமாகச் சொல்கிறது.

மறுபடி மறுபடி அதே பாவத்தில் விழுகிறேன். திரு இருதயத்தின் முன் நிற்க எனக்கு என்ன தகுதி?

தகுதி ஒன்றும் இல்லை. யாருக்கும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஜான்சனிசம் என்ற கண்டிப்பான போக்கு பரவி, நற்கருணையை மிக அரிதாகவே பெற வேண்டும் என்ற அச்சத்தை விதைத்தது. அந்தக் குளிருக்கு நடுவில்தான் எரியும் இருதயத்தின் பக்தி பரவியது. 1905இல் பத்தாம் பத்திநாதர், சாவான பாவம் இல்லாமல் நல்ல நோக்கத்தோடு வரும் எவரும் அடிக்கடி, நாள்தோறும்கூட நற்கருணை பெறலாம் என்று கதவை அகலத் திறந்தார். சிறு பாவங்களும் பலவீனங்களும் விலகி நிற்பதற்குக் காரணங்கள் அல்ல, வருவதற்கே காரணங்கள்.

கனமான பாவம் என்றால் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போங்கள். அதே பாவத்தை அதே குருவிடம் மறுபடியும் சொல்ல வெட்கமாக இருக்கிறதா? சொல்லுங்கள். விழுவது எந்த நேரத்தில், எந்தக் களைப்பில், யாரோடு சண்டையிட்ட பிறகு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலைவிட அது அதிகம் உதவும். மன்னிக்கப்பட்ட பாவங்களையே திரும்பத் திரும்பக் கிளறி அமைதி இழப்பவர்கள் ஒரே குருவிடம் தொடர்ந்து சென்று, அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது நல்லது.

இரவில் ஆன்ம சோதனை எப்படிச் செய்வது?

நன்றியோடு தொடங்குங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த முறையில் பாவத்தைத் தேடுவது மூன்றாம் படிதான். நாளில் கிடைத்தவற்றுக்கு நன்றி, தூய ஆவியிடம் ஒளி கேட்பது, நாளை மணிமணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம். பத்து நிமிடம் போதும்.

நன்றியை "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று மொத்தமாகச் சொல்லிவிடாமல் ஒன்றைப் பிடியுங்கள். பஸ்ஸில் எழுந்து இடம் தந்த முகம் தெரியாதவர். வலி குறைந்திருந்த அந்த அரை மணி. திரும்பிப் பார்க்கும்போது "இன்று அன்பு என்னிடம் எங்கே வந்தது, நான் எங்கே அதைத் திருப்பி அனுப்பினேன்" என்று கேளுங்கள். தீர்மானமும் சிறியதாக, பெயர் சொல்லி இருக்கட்டும்: "நாளை காலை அவரிடம் நானே முதலில் பேசுவேன்."

பரிகாரம் என்று சொல்கிறார்களே, அது என்ன? கடவுளை யாராவது ஆறுதல்படுத்த முடியுமா?

1928இல் பதினோராம் பத்திநாதர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். கெத்சமனியில் இயேசு வருங்காலப் பாவங்களை முன்கண்டு துயருற்றார் என்றால், வருங்கால அன்பையும் முன்கண்டு ஆறுதல் பெற்றிருப்பார் அல்லவா என்பது அவருடைய விளக்கம். இன்று நீங்கள் செய்யும் அன்புச் செயல் அந்த இரவுக்குள் நுழைகிறது. இதை நான் முழு மனத்தோடு நம்புகிறேன்.

ஆனால் பரிகாரம் ஆராதனை நேரத்தோடு முடிவதில்லை. காயப்படுத்தியவரிடம் மன்னிப்புக் கேட்பதையும், உடைந்துபோன உறவுகளையும் சமூகத்தையும் சீர்செய்வதையும் திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2024 சுற்றுமடலில் பரிகாரத்துக்குள்ளேயே வைக்கிறார். பத்து ஆண்டுகளாகத் தம்பியோடு பேசாமல் இருக்கும் அண்ணன், முதல் வெள்ளி மாலை ஆராதனையில் எவ்வளவு கண்ணீர்விட்டாலும், அவருடைய பரிகாரம் தொலைபேசியை எடுத்துத் தம்பியை அழைப்பதில்தான் தொடங்கும். தம்பி எடுக்காமல் போகலாம். அழைத்தது வீண் போகாது.

சிலரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. உணர்வு இல்லாமல் அன்பு செய்வது போலித்தனம் இல்லையா?

இல்லை. அன்பு சொல்லைவிடச் செயலில் இருக்க வேண்டும் என்றார் இஞ்ஞாசியார். உணர்வு பின்னால் வரலாம், வராமலும் போகலாம். குழந்தை இயேசுவின் தெரேசா, தமக்கு எல்லாவிதத்திலும் ஒத்துவராத ஒரு சகோதரிக்கு எத்தனை சிறு உதவிகள் செய்தாரென்றால், அந்தச் சகோதரியே ஒருநாள் "என்னிடம் உங்களை இவ்வளவு ஈர்ப்பது எது" என்று கேட்டுவிட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எரிச்சலூட்டுபவர் வேறு, அடிப்பவரும் வதைப்பவரும் வேறு. அப்படிப்பட்டவரிடமிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போவது அன்புக்கு எதிரானது அல்ல. மன்னிப்பதற்கு அதே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்று நற்செய்தி கேட்கவில்லை.

வீட்டைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்க விரும்புகிறேன். என் கணவருக்கு இதில் ஆர்வம் இல்லை. செய்யலாமா?

குடும்பங்களைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் மத்தேயோ க்ராலி-போவே என்ற குரு. 1907இல் பரே-லெ-மோனியாலில் நோய் நீங்கப்பெற்ற பிறகு அவர் அந்தப் பணியைத் தொடங்கினார். பத்தாம் பத்திநாதர் அவரை ஊக்குவித்தார். வீட்டில் எல்லாரும் கூடும் இடத்தில் படத்தை வைத்து, குரு மந்திரித்து, குடும்பமாக ஒப்புக்கொடுக்கும் செபம் சொல்வது முறை.

கணவரிடம் முன்பே சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆர்வம் இல்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். செபத்தின்போது அவர் அடுத்த அறையில் இருந்தால் இருக்கட்டும். படத்தைக் காட்டி அவரைக் குத்திப் பேசாதீர்கள். பிள்ளைகள் முன்னால் அறவே வேண்டாம். அவர் வெளிப்படையாக எதிர்த்தால் படம் உங்கள் அறையில் இருக்கலாம். நீங்கள் உங்களை ஒப்புக்கொடுக்க எவருடைய சம்மதமும் தேவையில்லை. நாள் குறிக்க விரும்பினால் திரு இருதயப் பெருவிழாவைத் தேர்ந்தெடுங்கள்: தூய ஆவிப் பெருவிழாவுக்குப் பின் வரும் இரண்டாம் ஞாயிற்றை அடுத்த வெள்ளிக்கிழமை. ஆண்டுதோறும் அந்த நாளிலேயே ஒப்புக்கொடுத்தலைப் புதுப்பிக்கலாம். அடுத்த ஆண்டு கணவரை மறுபடியும் அழைத்துப் பாருங்கள்.